கடலூர் டூ பாண்டி: மின்சாரக் காரோடு 46,000 கிலோமீட்டர்

கடலூர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியில் பெட்ரோல் குறைந்தால் உள்ளூரில் போட மனசு வராது. "பாண்டி பக்கம் போறப்ப போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போட்டு, எல்லையில் இருக்கும் கன்னியக்கோவில் தாண்டியதும் டேங்க்கை ரொப்பிக்கொண்டு திரும்புவோம். லிட்டருக்கு நாலைந்து ரூபாய் மிச்சம் என்றால் சும்மாவா? பன்னிரண்டு வருடம் நானும் அப்படித்தான் ஓட்டினேன். 2023 பிப்ரவரியில் மின்சாரக் கார் வாங்கியபோது நண்பர்கள் முதலில் கேட்டதும் அதைத்தான்: "பக்கத்துலயே சீப்பா பெட்ரோல் கிடைக்குது, உனக்கு எதுக்குடா இது?"

இரண்டே முக்கால் வருடம் ஓடிவிட்டது. மீட்டர் 46,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இப்போது பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். எந்தக் கம்பெனிக் கார் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்று திரும்பிவிடும். 30 யூனிட் பேட்டரி உள்ள நடுத்தரமான வண்டி, அவ்வளவு போதும். வீடு செம்மண்டலம் பக்கம். வேலை பாண்டி பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி. போக வர 52 கிலோமீட்டர்.

வாங்கும்போது சில சலுகைகள் இருந்தன. தமிழ்நாட்டில் சாலை வரி கிடையாது. ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். 2023 மார்ச் 31-க்குள் கடன் அனுமதி வாங்கினால் வட்டியில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவு என்று 80இஇபி பிரிவு ஒன்று இருந்தது. அந்தத் தேதிக்காகத்தான் அவசரப்பட்டேன். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது. இப்போது வாங்குகிறவர்களுக்குக் கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். எல்லோரும் "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்றுதான் கேட்கிறார்கள். வீட்டில் எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு, எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு முதல் அடி அங்கேதான் விழுந்தது.

கார் வந்த அன்று ராத்திரி, போர்ட்டிகோவில் இருந்த 15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜரைச் செருகினேன். சிவப்பு விளக்கு. பிடுங்கிச் செருகினேன். மறுபடி சிவப்பு. அடுப்படியிலிருந்து ஒயர் இழுத்துப் பார்த்தேன், அதே கதை. மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், உங்க வீட்டுல எர்த்துன்னு ஒண்ணு இருக்கு, ஆனா அது எர்த்துக்குப் போகல." அப்பா 1988-இல் வீடு கட்டும்போது போட்ட ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), உப்புக்காற்றிலும் உப்பு மண்ணிலும் கிடந்து கணுக்கால் உயரத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் கரைந்து போயிருந்தது. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் இத்தனை வருடம் அதோடு ஓடியிருக்கின்றன. காரின் சார்ஜர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எர்த் இல்லாமல் அது மின்சாரத்தை உள்ளே விடாது. யோசித்தால், அந்தச் சிவப்பு விளக்குக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

கொல்லையில் எட்டடி பள்ளம் தோண்டி, செம்புக் கம்பி இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினார்கள். மெயின் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், 20 ஆம்பியர் எம்சிபி. பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் கதை முடியவில்லை. மே மாதம் ஒரு நாள் மறுபடி சிவப்பு. எர்த் குழி காய்ந்திருக்கிறது! ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன், அரை மணி நேரத்தில் சரியாயிற்று. அன்றிலிருந்து கோடையில் துளசி மாடத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போது அம்மா அதற்கும் சேர்த்து ஒரு சொம்பு ஊற்றிவிடுகிறார்.

இன்னொரு விஷயம் பிளக். முதல் ஆறு மாதம் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில்தான் போட்டேன். தினமும் மூன்று நான்கு மணி நேரம் தொடர்ந்து கரண்ட் இழுப்பதற்கு அது செய்யப்பட்டதில்லை. ஒரு நாள் காலையில் லேசாக ரப்பர் கருகின வாசனை. பிடுங்கிப் பார்த்தால் ஒரு துளை ஓரம் பழுப்பேறி இருக்கிறது. இப்போது நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட். நீங்கள் வாங்கினால் இதை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

வோல்டேஜ் பற்றி ஒரு வரி. ஏப்ரல், மே ராத்திரிகளில் பத்து மணிக்குத் தெருவில் எல்லா ஏசியும் ஓடும். எங்கள் லைனில் 190-க்கு இறங்கிவிடும், சார்ஜர் நின்று நின்று வேலை செய்யும். அதனால் டைமர் வைத்து 12 மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கிறேன். நாலு மணிக்குள் முடிந்துவிடும்.

அடுத்து கரண்ட் பில். இதில்தான் நிறைய பேர் கணக்குத் தப்பாகப் போடுகிறார்கள். "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்" என்று ஷோரூமில் சொல்வார்கள். நம்மூரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், அதுவும் ஸ்லாப் கணக்கு. 2025 நிலவரப்படி முதல் 100 யூனிட் இலவசம், 500 வரை போனால் ஒரு விலைப்பட்டியல். 501 ஆனதும் நூறிலிருந்து இருநூறு வரை கிடைத்த சலுகை போய், மேலே ஏற ஏற விலையும் ஏறும். எங்கள் வீட்டில் முன்பு இரண்டு மாதத்துக்கு 350 யூனிட், பில் தொள்ளாயிரத்துச் சொச்சம். கார் வந்த பிறகு ஒரு நாளைக்கு எட்டு, எட்டரை யூனிட் கூடுதல். இரண்டு மாதத்துக்கு 400. மொத்தம் 750 யூனிட். அந்தக் கட்டணத்தில் பில் நாலாயிரத்து முன்னூறு சுற்றி வருகிறது. ஆக, காருக்கு மட்டும் சுமார் 3,400 ரூபாய். அந்த இரண்டு மாதத்தில் ஓடியது 2,400 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் நாற்பது காசு.

முதல் பில்லைப் பார்த்து அப்பா, "தம்பி, மீட்டர் ஏதாவது கோளாறா பாரு" என்றார். என் பழைய கார் லிட்டருக்கு 15 கொடுத்தது. அதே 2,400 கிலோமீட்டருக்குப் பாண்டி விலையிலேயே பதினைந்தாயிரம் ஆகியிருக்கும் என்று எழுதிக் காட்டினேன். அதன் பிறகு பேசவில்லை. ஆனால் அப்பா கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. இதே அளவு பெட்ரோல் காரைவிட நான் நாலரை லட்சம் கூடக் கொடுத்திருக்கிறேன். வருடத்துக்கு எழுபதாயிரம் மிச்சம் என்றாலும் அது திரும்ப ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு வேலைக்கே ஆகாது. அவர் கன்னியக்கோவில் பங்க்கிலேயே நிம்மதியாக இருக்கலாம்.

ஓட்டுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வரை ஒரே ஓட்டம். அரியாங்குப்பம் பாலம் ஏறியதும் ஆரம்பிக்கும் நெரிசல், முருங்கப்பாக்கம், முதலியார்பேட்டை என்று அங்குலம் அங்குலமாக நகரும். பெட்ரோல் காரில் இந்தப் பகுதிதான் காசைக் குடிக்கும். இதில் கிளட்ச் இல்லை, கியர் இல்லை, நின்றால் ஏசி தவிர வேறு செலவும் இல்லை. சத்தம் இல்லாததால் ஒரு தொந்தரவு உண்டு: ரோட்டில் நிற்கும் மாடுகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஏசியோடு முழு சார்ஜில் 200, 210 கிலோமீட்டர் வரும். நெடுஞ்சாலையில் 100-இல் பிடித்தால் 170-தான். 80-இல் போனால் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்.

திரும்பும்போது ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறக்கச் சொல்வது வழக்கம்; பாண்டியிலிருந்து வருகிற வண்டி ஆயிற்றே. முதல் மாதம் ஒரு காவலர் பையைத் தூக்கிப் பார்த்து, கனமாக இருக்கவும் முகம் மலர்ந்து ஜிப்பைத் திறந்தார். உள்ளே சுருட்டி வைத்த சார்ஜர் கேபிள். "இது என்ன சார்?" "கார் சார்ஜர் சார்." பச்சை நம்பர் பிளேட்டை ஒரு தடவை பார்த்தார். "எவ்வளவு ஓடும்?" அவரும் அதையேதான் கேட்டார்.

வெளியூர்ப் பயணத்துக்கு வருவோம். சென்னை போவது இப்போது பிரச்சினையே இல்லை. திண்டிவனம், மேல்மருவத்தூர் பக்கம் ஃபாஸ்ட் சார்ஜர்கள் வந்துவிட்டன. சாப்பிட்டு முடிப்பதற்குள் 80 சதவீதம் தொட்டுவிடும். அதற்கு மேல் ஆமை வேகம், காத்திருப்பது வீண். விலைதான் கசக்கும்: யூனிட்டுக்கு இருபது ரூபாய்க்கு மேல், தனியாக ஜிஎஸ்டி வேறு. அந்தக் கணக்கில் பெட்ரோலைவிடக் கிடைக்கும் மிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆப் தொல்லை தனிக் கதை. என் போனில் ஏழு சார்ஜிங் ஆப் இருக்கிறது, ஒவ்வொன்றின் வாலட்டிலும் நூறு, இருநூறு என்று பணம் தூங்குகிறது. ஆப்பில் பச்சையாகக் காட்டும், போய்ப் பார்த்தால் திரை இருண்டு கிடக்கும். இல்லையென்றால் சார்ஜர் முன்னால் ஒரு டீசல் வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போயிருப்பார்.

தெற்கே போனால் நான் நம்புவது ஆப்பை அல்ல, 15 ஆம்பியர் பிளக்கைத்தான். போன வருடம் கும்பகோணத்தில் சித்தப்பா பையன் கல்யாணம். சிதம்பரம், மயிலாடுதுறை வழியாகப் போய்ச் சேர்ந்தபோது 41 சதவீதம். திரும்பி வர 58-ஆவது வேண்டும். மண்டபத்து மேனேஜர் கையை விரித்தார். சமையற்கட்டில் கிரைண்டர் பிளக் ஒன்று காலியாக இருந்தது. சமையல் மாஸ்டரிடம் கெஞ்சினேன். "போட்டுக்கங்க தம்பி, ஆனா எனக்கு வேணும்னா புடுங்கிடுவேன்" என்றார். எர்த் நன்றாக இருந்தது, பச்சை விளக்கு. நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் 52. ராத்திரி பத்தரைக்கே சட்னிக்குத் தேங்காய் அரைக்கப் பிடுங்கிவிட்டார்கள், அப்புறம் யாரும் செருகவில்லை. முகூர்த்தத்தின்போது நான் மேடையில் இல்லை, கிரைண்டர் பக்கத்தில் காவல் இருந்தேன். கல்யாண ஆல்பத்தில் நான் இல்லாததற்குச் சித்தி இன்னும் கோபமாக இருக்கிறார். மதியம் மூன்று மணிக்கு 90 சதவீதத்தோடு கிளம்பினோம். மாஸ்டருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன், வாங்க மறுத்துப் பிறகு வாங்கிக்கொண்டார்.

புயல் பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது. 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் அடித்தபோது எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பல நாள் ஆனது. அப்படி ஒன்று வந்தால் மின்சாரக் கார் வெறும் தகரப் பெட்டிதானே? 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி அருகே கரையேறியது. முந்தின நாளே 100 வரை ஏற்றி வைத்திருந்தேன். பாண்டியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை. எங்கள் பக்கம் கரண்ட் போனது. அதைவிடப் பெரிய சோதனை திங்கட்கிழமை வந்தது. சாத்தனூர் அணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை பொங்கிக்கொண்டு வந்தது. தெருமுனையில் தண்ணீரைப் பார்த்ததும் காரை எடுத்துக்கொண்டு கேப்பர் மலையில் மாமா வீட்டு வாசலில் நிறுத்திவிட்டேன். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் ஐபி67 தரத்தின் அர்த்தம். அதை என் காரில் சோதித்துப் பார்க்க எனக்கு ஆசையில்லை.

மலையிலும் இரண்டு நாள் கரண்ட் இல்லை. காரிலோ 90-க்கு மேல். மாமா வீட்டுத் தெருவே போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, லைட்டர் சாக்கெட்டில் ஒன்று என்று முறைவைத்து இருபது, முப்பது போன் ஏற்றியிருப்போம். பேட்டரி ஐந்து சதவீதம்கூடக் குறையவில்லை. அந்த வாரம் பக்கத்துப் பெட்ரோல் பங்க்கில் ஜெனரேட்டர் ஓடாமல் வரிசையில் நின்றவர்களையும் பார்த்தேன். பயம் பாதி குறைந்தது. பத்து நாள் கரண்ட் இல்லையென்றால் என்ன செய்வேன் என்ற மீதிப் பாதி அப்படியே இருக்கிறது.

கார் என்னை நடுத்தெருவில் நிறுத்தியது ஒரே ஒரு தடவை. அதற்குக் காரணம் பெரிய பேட்டரி இல்லை, மூலையில் கிடக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி. போன ஆகஸ்டில் ஒரு காலை கதவே திறக்கவில்லை. உள்ளே 80 சதவீதம் சார்ஜ் இருக்கிறது, ஆனால் அந்தப் பேட்டரியை இணைத்து வண்டியை எழுப்புவதே இந்தச் சின்னவன்தான். அவன் செத்தால் எல்லாம் பிணம். எதிர்வீட்டுக்காரர் தன் பழைய பெட்ரோல் காரைக் கொண்டுவந்து ஜம்பர் கேபிள் போட்டு எழுப்பினார். இன்றுவரை தெருவில் யாரைப் பார்த்தாலும் அந்தக் கதையைச் சொல்கிறார், சொல்லட்டும்.

மற்றபடி சர்வீஸ் செலவு ரொம்பக் குறைவு. ஆயில் இல்லை, ஃபில்டர் இல்லை. 38,000-இல் நாலு டயரும் மாற்றினேன், வண்டி கனம். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் அதிகம் தேயவில்லை, மாறாக உப்புக்காற்றில் டிஸ்க் துருப்பிடிக்கிறது. வாரம் ஒரு தடவை காலி ரோட்டில் நாலு அழுத்து அழுத்தித் தேய்த்து விடுகிறேன்.

இப்போது யோசனை சோலார். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். பகலில் கார் பாண்டியில் நின்றாலும் பலகை தரும் யூனிட்டை நெட் மீட்டரில் கழித்துக்கொள்ளலாம், பில் பழையபடி 500-க்குள் வந்துவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். மொட்டை மாடியைப் பலகை முழுக்க அடைத்துக்கொண்டால் வடகம் எங்கே காய வைப்பது என்று அம்மா கேட்கிறார். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.