டேலி போட ஆள் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள் (புதுச்சேரி, கடலூர் கடைக்காரர்களுக்கு)

முதலியார்பேட்டையில் பாக்குமட்டைத் தட்டு, பேப்பர் கப், பார்சல் டப்பா மொத்த வியாபாரம் தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. அதில் முதல் மூன்று மாதக் கணக்கு முழுவதும் பாழானது. இந்தப் பக்கம் புதிதாகக் கடை வைக்கிற யாருக்கும் இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

டேலி என்கிற கணக்கு மென்பொருளைப் போட, தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஓர் ஆள் வந்தார். "டேலி போட்டு, ஜிஎஸ்டி செட் பண்ணி, பில் அடிக்கிற வரைக்கும் நான் பாத்துக்கறேன் அண்ணே" என்றார். லைசென்ஸும் கூலியும் சேர்த்து 25,000 ரூபாய். ரொக்கமாகக் கேட்டார், கொடுத்தேன். ரசீது அடுத்த வாரம் என்றார். இன்றுவரை வரவில்லை. ரசீது இல்லாததால் அந்தச் செலவுக்கு இன்புட் வரியும் (வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது.

அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். பென்டிரைவிலிருந்து ஏதோ ஒரு கம்பெனியைக் காப்பி செய்து, பெயரையும் ஜிஎஸ்டி எண்ணையும் மட்டும் மாற்றினார். என் நோட்டைப் பார்த்து வாடிக்கையாளர் பெயர்களை ஏற்றினார். எல்லோருக்கும் மாநிலம் புதுச்சேரி என்றே போட்டுவிட்டார்.

என் வியாபாரத்தில் பாதி கடலூர் பக்கம். முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு. நமக்கு அது தினமும் போய்வரும் பக்கத்து ஊர்தான், ஆனால் ஜிஎஸ்டிக்கு அது வெளிமாநிலம். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள்: புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. இங்கிருந்து மஞ்சக்குப்பத்துக்குச் சரக்கு அனுப்பினால் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான வரி) போட வேண்டும். எனக்கு மூன்று மாதமும் உள்மாநில விற்பனைக்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்றே பில் அடித்தது. மொத்தத் தொகை ஒன்றுதான் என்பதால் கண்ணில் படவில்லை. ரிட்டர்னும் தடையில்லாமல் போய்விட்டது.

திருப்பாதிரிப்புலியூர் பேக்கரிக்காரர்தான் முதலில் போன் செய்தார். "உங்க பில்லுக்கு இன்புட் கிடைக்கலையே சார்" என்றார். புதுச்சேரிக்குக் கட்டிய எஸ்ஜிஎஸ்டியைத் தமிழ்நாட்டுக்காரர் எப்படி எடுக்க முடியும்? அதே வாரம் நெல்லிக்குப்பத்திலிருந்து இன்னொருவர். மூன்றாவது ஆள் எதுவும் சொல்லவில்லை, வேறு இடத்தில் சரக்கு வாங்கத் தொடங்கிவிட்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

செட் பண்ணியவரைக் கூப்பிட்டேன். சரிசெய்ய இன்னும் 8,000 ஆகும் என்றார். உங்கள் தவறுக்கு நான் ஏன் தர வேண்டும் என்று கேட்டேன். மறுநாள் காலை டேலியைத் திறந்தால் எஜுகேஷன் மோட் (லைசென்ஸ் இல்லாதபோது வரும் பயிற்சி நிலை) என்று நிற்கிறது. அந்த நிலையில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் பதிவு போட முடியும். விசாரித்தபோதுதான் தெரிந்தது, லைசென்ஸை அவருடைய மின்னஞ்சலில் பதிந்திருக்கிறார். தூரத்திலிருந்தே என் கம்ப்யூட்டருக்குள் எப்போது வேண்டுமானாலும் நுழைய எனிடெஸ்க் பாஸ்வேர்டும் வைத்திருந்தார். என் பணத்தில் வாங்கிய லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கிறது!

மென்பொருள் மேல் எந்தக் குறையும் இல்லை. எனிடெஸ்க்கை எடுத்துவிட்டு, என் மின்னஞ்சலில் வேறு லைசென்ஸ் வாங்கினேன். வரி விஷயத்தை ஆடிட்டர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஐஜிஎஸ்டியைப் புதிதாகக் கட்ட வேண்டும், அதற்கு வட்டி கிடையாது. தவறாகக் கட்டியதைச் சிஜிஎஸ்டி சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி திரும்பக் கேட்கலாம்; ஐஜிஎஸ்டி கட்டிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பழைய பில்களை ஜிஎஸ்டிஆர்-1இல் (விற்பனை விவரம் காட்டும் ரிட்டர்ன்) திருத்தினோம். சட்டப்படி சரி, ஆனால் 86,000 ரூபாயை இரண்டாவது முறை கட்டப் புதுக் கடைக்காரன் எங்கே போவான்? வீட்டு நகையை வைத்துத்தான் கட்டினேன்.

உங்கள் கடைக்கு ஆள் வந்தால், அவர் கிளம்புவதற்குள் ஒரு புதுச்சேரி பில், ஒரு கடலூர் பில் இரண்டையும் அவர் முன்னாலேயே அடித்துப் பாருங்கள். எஃப்1 அழுத்தி அபவுட் போனால் லைசென்ஸ் யார் மின்னஞ்சலில் இருக்கிறது என்று தெரியும். ரசீது வாங்காமல் பணம் தராதீர்கள். டேலிவால்ட் (கணக்குத் தரவைப் பூட்டிவைக்கும் டேலி வசதி) பாஸ்வேர்டு போட்டால் அது உங்கள் கையிலும் இருக்க வேண்டும், ஏனென்றால் தொலைந்தால் அதை மீட்க வழியே இல்லை.

இன்னொன்று. புது லைசென்ஸ் போட்ட பிறகு லெட்ஜர்களைச் சுத்தம் செய்தபோது, எனக்குச் சம்பந்தமே இல்லாத பெயர்கள் முப்பதுக்கு மேல் இருந்தன. யாரோ ஒரு மருந்துக் கடையின் கடன்காரர்கள், பாக்கித் தொகையோடு. அந்தக் கடையைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். அவர்களுக்கும் அதே ஆள்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார். பேசிக்கொண்டே எஃப்1 அழுத்திப் பார்த்தார்கள். அங்கேயும் அவருடைய மின்னஞ்சல்தான்.