மழைக்காலத்துல தேனீக்கு என்ன குடுக்குறது: அதோட தேனா, சீனிப் பாகா, கருப்பட்டியா, இல்ல பெட்டிய தூக்கிட்டு கிளம்பிடலாமா?

யூடியூப் பாத்து தேனீ வளர்க்க வந்தவங்க நெறைய பேரு கேக்குறது, "குளிர்காலத்துக்கு பெட்டிய எப்படி ரெடி பண்ணணும்?" மார்த்தாண்டம் பக்கம் இருந்துகிட்டு இதைக் கேட்டா சிரிப்புதான் வரும். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே விண்டர், ரப்பர் மரத்துக்கு வர்ற விண்டரிங். மார்கழி தைல இலை எல்லாம் கொட்டி தோட்டமே மொட்டையா நிக்கும். அதுக்கப்புறம் துளிர் விடும்போது இலைக்காம்பு முடியுற எடத்துல சொட்டுச் சொட்டா இனிப்பு நீர் சுரக்குமே, பூவுல இல்ல இலையில, அதுதான் மாசி பங்குனில எங்க மொத்த வருமானமும். ஈக்கு நிஜமான பஞ்சம் ஆனி ஆடி சாரல்ல ஆரம்பிக்கும், அப்புறம் ஐப்பசி கார்த்திகைல அடைமழை வேற, நாலு நாள் வெயில் அடிச்சா கொஞ்சம் தேறும், மறுபடி மழை புடிச்சா உள்ளயே முடங்கிடும்.

கனடாவுல குடுக்குற அட்வைஸ் அப்படியே இங்க ஒத்து வராது. அங்க வளர்க்குறது ஐரோப்பிய ஈ, பனிக்காலம் வந்துட்டா பந்து மாதிரி ஒண்ணா திரண்டு, சேத்து வச்ச தேனைத் தின்னு சூடு உண்டாக்கிகிட்டு மாசக்கணக்கா வெளிய வராம கிடக்கும். பெட்டிக்கு 30 கிலோ அளவுல இருப்பு வேணும், அதனால செப்டம்பர் வாக்குல 2 பங்கு சீனிக்கு 1 பங்கு தண்ணின்னு கெட்டிப் பாகா குடுத்து ரொப்பிடுவாங்க, பனி இறங்கினப்புறம் தண்ணிப் பாகு கிடையாது, கட்டிச் சீனிதான். நம்மகிட்ட இருக்குறது அடுக்குத் தேனீ, அதாவது அடுக்கடுக்கா அடை கட்டுற நம்ம நாட்டு ஈ, அதுக்கு நியூட்டன் பெட்டின்னு சொல்ற சின்னப் பெட்டி. அங்க சாப்பாடு தீந்தா கூட்டம் செத்துப்போகும், இங்க பெரும்பாலும் சாகுற வரைக்கும் காத்திருக்காது, ராணியோட மொத்தமா கிளம்பிப் போயிடும். காலைல பெட்டிய திறந்தா நாலு காஞ்ச அடையும் ரெண்டு கரப்பானும் இருக்கும். ஆக நாம தீனி போடுறது ஈயைப் பிழைக்க வைக்க மட்டும் இல்ல, ஓடாம நிறுத்தி வைக்கவும்தான். அதை மனசுல வச்சுகிட்டு நாலு வழியையும் பாப்போம்.

முதல்ல அதோட தேனையே விட்டுவைக்கிறது. சத்துன்னு பாத்தா இதுக்கு மேல எதுவும் இல்ல, வேலையும் இல்ல, வேற கூட்டத்து ஈ திருட வந்து சண்டை போடுறதும் வராது. நான் மொத வருஷம் சித்திரைல, தேன் எடுக்குற மேல்பெட்டி மட்டும் இல்லாம, ராணியும் புழுவும் இருக்குற கீழ்ப்பெட்டி ஓரச் சட்டத்துல ஈ மெழுகால மூடி வச்சிருந்த தேனையும் சேத்து வழிச்சு எடுத்தேன், 8 பெட்டில ஆடி முடியுறதுக்குள்ள 3 காலி. புலம்பிகிட்டே மாமாகிட்ட போனா அவரு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு: "மக்களே, ஈக்க சோத்தை நீ தின்னுட்டு ஈயை ஏசாத." இப்போ கீழ்ப்பெட்டித் தேனைத் தொடுறதே இல்ல. ஆனா கணக்குன்னு வந்தா இந்த வழி கை கடிக்கும். தேன்ல ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரைதான், அதனால 1 கிலோ தேனை எடுத்துட்டு 800 கிராம் சீனிய போட்டா வயிறு நிறையும், நாப்பது ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும். தேன் விக்கிற விலைய யோசிச்சா எவனுக்குத்தான் கை அரிக்காது? இன்னொண்ணு, ஆறு மாசத்துக்கும் சேத்து மேல்பெட்டில தேனை அப்படியே விட்டாலும் சிக்கல், ஈ எண்ணிக்கை மழைல குறைஞ்சிடும், ஆள் இல்லாத அடைல மெழுகுப் பூச்சி ஏறி வலை கட்டிடும். அதனால கீழ விடுங்க, மேல்பெட்டிய கழட்டிடுங்க, கீழயும் ஈ மொய்க்காத காலி அடைய உருவிட்டு தடுப்புப் பலகை வச்சு நெருக்கி விட்டுடுங்க. இந்த ஒரு வேலைய செய்யாம எந்தத் தீனி போட்டும் பிரயோஜனம் இல்ல.

சீனிப் பாகுதான் எல்லாரும் செய்யுறது, நானும் செய்யுறேன். பொதுவா சொல்ற அளவு பெட்டிக்கு வாரம் 200 கிராம் சீனி, 200 மில்லி தண்ணி, சரி பாதி. தண்ணிய கொதிக்க வச்சு அடுப்ப அணைச்சிட்டு சீனிய கரைங்க, சீனியப் போட்டு காய்ச்சாதீங்க, கருகின பாகு ஈக்கு ஆகாது. நான் 200 கிராமை ரெண்டா பிரிச்சு திங்களும் வியாழனும் வைப்பேன், ஏன்னா தண்ணிப் பாகு ரெண்டு நாள்ல புளிச்சு நுரை கட்டும், ஒரு ராத்திரில குடிச்சு முடிக்கிற அளவு போதும். பெட்டிக்குள்ள சிரட்டை, அதுல நாலு ஈர்க்குச்சிய ஒடிச்சுப் போடணும், இல்லன்னா காலைல சிரட்டைல பாதி பாகு பாதி செத்த ஈ. அந்தி சாஞ்சப்புறம், எல்லா பெட்டிக்கும் ஒரே நேரத்துல வைங்க, ஒரு சொட்டு வெளிய சிந்தக்கூடாது. ஒரு தடவை தாம்பாளத்துல ஊத்தி தோட்டத்து நடுவுல வச்சுப் பாத்தேன், சோம்பேறித்தனம் தான் வேற என்ன, ஒரு மணி நேரத்துல எங்கிருந்தோ வந்த ஈ எல்லாம் சேந்து ருசி கண்டு, பாகு தீந்ததும் என்னோட இளைச்ச பெட்டி ரெண்டையும் கொள்ளையடிச்சிட்டுப் போச்சு, வாசல் பலகை முழுக்க வெட்டுப்பட்ட ஈ. எறும்புக்கு ஸ்டாண்டு கால் கிண்ணத்துல தண்ணி நிக்குதான்னு பாக்கணும், மழை பெய்யுதுன்னு நம்பிடாதீங்க, இலை ஒண்ணு விழுந்தாலே அது எறும்புக்குப் பாலம்.

செலவு? ஆனி தொடங்கி கார்த்திகை வரைக்கும் விடாம குடுத்தாலும் ஒரு பெட்டிக்கு 5 கிலோ சீனி, இன்னைக்கு விலைக்கு 225 ரூபாய் சுமார். குறைன்னா, சீனில சர்க்கரைச் சத்து மட்டும்தான், புழு வளர்க்க மகரந்தம் வேணும், அது சீனில கிடையாது. ஆடி மழைல பாகு ஊத்திட்டு "ஏன் ராணி முட்டை வைக்கல"ன்னு கேக்குறது, வெறும் கஞ்சி குடுத்துட்டு புள்ள ஏன் வளரலன்னு கேக்குற மாதிரி. பக்கத்துல தென்னை இருந்தா பாதி கவலை தீந்துது, வேலில கொடிரோஜா படர விட்டா இன்னும் நல்லது.

கருப்பட்டி விஷயத்துல எனக்கு ஊர்க்காரங்களோட சண்டையே இருக்கு. "சீனி கெமிக்கல், கருப்பட்டி இயற்கை, ஈக்கு அதான் நல்லது"ன்னு சொல்றவங்க ஒவ்வொரு வருஷமும் வருவாங்க. மனுஷனுக்கு நல்லதா இருக்கலாம் சாமி, ஈ குடல் வேற. கருப்பட்டி வெல்லத்துல இருக்குற உப்புச்சத்தும் கசடும் ஈக்கு செரிக்காம கழிவா தங்கும், வெயில்னா பறந்து போய் வெளிய கழிச்சிட்டு வந்துடும், நாலு நாள் மழைல உள்ள அடைபட்டிருந்தா வயித்தால போயிடும். நான் ரெண்டு பெட்டிக்கு குடுத்துப் பாத்தேன், ஆறாவது நாள் வாசல்லயும் சட்டத்து மேலயும் பழுப்புக் கோடு கோடா, ஒரு புளிச்ச வாடை. கட்டெறும்பு வந்தது தனிக் கதை. வெள்ளைச் சீனி மோசம்னு நாம திட்டுற அதே காரணம், அதாவது அதுல வேற ஒண்ணும் இல்லைங்குறதுதான், இந்த எடத்துல அதோட பலம். நாட்டுச் சர்க்கரைக்கும் இதே தீர்ப்பு. கடைத் தேனை வாங்கி ஊத்துற ஆளும் உண்டு, அது இன்னும் ஆபத்து, யார் பெட்டி நோய் அதுல இருக்குன்னு தெரியாது. 90கள் தொடக்கத்துல தாய்லாந்து பேருல சொல்ற தாய் சாக்புரூட்ங்குற வைரஸ் நோய் வந்து புழு எல்லாம் தண்ணிப் பை மாதிரி செத்து கேரளாவுலயும் நம்ம பக்கமும் பெட்டி பெட்டியா காலியானதைப் பாத்தவங்க இதைச் செய்ய மாட்டாங்க.

பெட்டிய தூக்கிட்டு பூ இருக்குற எடத்துக்குப் போறது நூறு பெட்டி வச்சிருக்குற ஆளுக்கான வழி. மழை குறைஞ்ச பக்கம், முருங்கையோ தென்னையோ இருக்குற தோப்பு கிடைச்சா ஈ தானா தேறும், மகரந்தமும் சேத்துக் கிடைக்கும், சீனி தராத அந்த ஒண்ணு. ஆனா ராத்திரில வாசலை வலை போட்டு அடைச்சு வண்டி ஏத்தணும், குலுக்கல்ல அடை அறுந்து விழும், போன எடத்துல பக்கத்துக் காட்டுக்காரரு மருந்து அடிச்சா மொத்தமும் போச்சு. 8 பெட்டிக்கு டெம்போ வாடகையே கட்டாது.

அப்போ நான் என்னதான் பண்றேன்னா, சித்திரையோட கீழ்ப்பெட்டித் தேனை விட்டுடுவேன். ஆனி ஆடில வாரம் ஒருக்கா பெட்டியோட பின்பக்கத்தை தூக்கி கனம் பாப்பேன், லேசா இருக்குற பெட்டிக்கு மட்டும் பாகு, கனமா இருந்தா ஒண்ணும் கிடையாது. ஐப்பசிக்கு அப்புறம் நோக்கம் மாறிடும், அப்போ உசிரக் காப்பாத்த இல்ல, மாசிக்குள்ள ஆள் பெருக்க. மழை விட்டு மகரந்தம் வர ஆரம்பிச்சதும் எல்லா பெட்டிக்கும் கொஞ்சமா அடிக்கடி, அந்தத் தண்ணிப் பாகைப் பாத்து பூ வந்துடுச்சுன்னு நம்பி ராணி முட்டைய அதிகமாக்கும். ரப்பர் துளிர் சிவப்பா தெரியுறதுக்கு முன்னாடி சிரட்டைய எடுத்தே ஆகணும், மேல்பெட்டி ஏத்தினப்புறமும் பாகு ஊத்தினா அது தேனா கணக்காகாது, கலப்படம், கரும்புச் சீனி இருந்தா லேப்ல ஐசோடோப் டெஸ்ட்ல, அதாவது சர்க்கரை எந்த வகைச் செடில இருந்து வந்ததுன்னு கார்பனை வச்சு பாக்குற டெஸ்ட்ல, மாட்டும்.

போன வருஷம் எல்லாம் சரியா பண்ணி தை கடைசில பெட்டி நிறைய ஈயோட காத்திருந்தேன், துளிர் நேரத்துல பனிமூட்டம் புடிச்சு இலைல சாம்பல் நோய் வந்து பாதித் துளிர் கொட்டிருச்சு. அந்த மாசில கிடைச்சது பெட்டிக்கு 3 கிலோ கூட வரல, அதுலயும் கீழ்ப்பெட்டித் தேனைத் தொடல.