ஏவ்பரியா, ஸ்டோன்ஹெஞ்சா?

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பக்கம் போகிறவர்களில் பலர் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற கற்காலக் கல்வட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கற்களைச் சுற்றி ஓடும் பள்ளம் கண்ணிலேயே படாது. ஆனால் அங்கே முதலில் வந்தது அந்தப் பள்ளமும் அதை ஒட்டிய மண்கரையும்தான், கி.மு. 3000 வாக்கில். பெரிய கற்கள் நின்றது ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு கழித்து.

மண்வேலை என்று பார்த்தால் ஸ்டோன்ஹெஞ்ச் சின்னதுதான்: குறுக்களவு சுமார் 110 மீட்டர். அதற்கு வடக்கே, ஏவ்பரி ஊரில் உள்ள இன்னொரு கல்வட்டத்தின் மண்வேலையோ 400 மீட்டருக்கு மேல். ஊரின் ஒரு பகுதியே வட்டத்துக்குள் இருக்கிறது, மதுக்கடை உட்பட! அகழி இன்று பாதி தூர்ந்துவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டிப் பார்த்தபோது அதன் அடி 9 மீட்டருக்கும் கீழே போனது. இத்தனையும் வெட்டியது மான் கொம்பால். கிளைகளை ஒடித்துவிட்டு அடிக்கிளை ஒன்றை மட்டும் விட்டுவைத்தால் கொம்பே பிக்காசு. சுண்ணப்பாறையின் வெடிப்பில் அதை இறக்கி நெம்பினால் கட்டி கட்டியாகப் பெயரும். புதிதில் அந்தக் கரை வெள்ளை வெளேரென்று நின்றிருக்கும். இப்போது புல்லும் ஆடுகளும்.

இன்னொன்று. கோட்டைக்கு அகழி வெளியே இருக்கும். ஏவ்பரியில் கரைக்கு உள்ளே இருக்கிறது. பகைவனைத் தடுக்க யாரும் இப்படி வெட்டமாட்டார்கள். உள்ளே நடக்கும் சடங்கை வெளியுலகிலிருந்து பிரிக்கத்தான் என்று படுகிறது. ஸ்டோன்ஹெஞ்சில் இது தலைகீழ். பள்ளமும் கரையும் சூழ்ந்த இத்தகைய வட்டங்களுக்கு 'ஹெஞ்ச்' என்று பெயர். அந்த வகைக்கே பெயர் கொடுத்த இடம், பள்ளம் கரைக்கு உள்ளே இருக்க வேண்டும் என்ற தொல்லியலாளர்களின் கறாரான வரையறைப்படி ஹெஞ்சே இல்லை.

சரி, சுற்றுப்புறம்? இதில் ஸ்டோன்ஹெஞ்ச் ஒரு படி மேல். ஆவன் ஆற்றங்கரையிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர், இருபுறமும் தாழ்ந்த மண்கரையோடு ஊர்வலப் பாதை வருகிறது. அதன் கடைசி நீட்டம் கோடை உச்சத்தில் சூரியன் உதிக்கும் திசைக்கு நேர். திரும்பி நின்றால் குளிர்கால உச்சத்தின் அஸ்தமனம். பக்கத்தில் டரிங்டன் வால்ஸ் என்ற கற்காலக் குடியிருப்பில் குவியல் குவியலாகக் கிடைத்த பன்றி எலும்புகள், குளிர்காலத்தில் பெரிய விருந்து நடந்ததைக் காட்டுகின்றன. ஏவ்பரிக்கும் இருபுறமும் கல் நட்ட பாதை உண்டு, ஆனால் சூரியனோடு இப்படியொரு தெளிவான கணக்கு இல்லை.

ஒரே நாள்தான் கையில் என்றால் நான் ஏவ்பரிக்குத்தான் போவேன். ஸ்டோன்ஹெஞ்சில் சீட்டு வாங்கினாலும் சாதாரண நேரத்தில் கற்களுக்கு நடுவே விடமாட்டார்கள். ஏவ்பரியில் வட்டத்துக்குள் போகச் சீட்டே வேண்டாம், கல்லைத் தொடலாம், கரைமேல் நடக்கலாம். பக்கத்திலிருக்கும் சில்பரி குன்று மட்டும் விதிவிலக்கு. அதுவும் மனிதர் கொட்டிய மண்தான், ஆனால் ஏறத் தடை. சாலையோரம் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.