சிவிக் பின்பக்க ஸ்டெபிலைசர் லிங்க்: ஏழே மாதம் வந்த ஜோடி, ஐந்து வருடம் தாண்டிய ஜோடி

என்னிடம் இருப்பது 2009 மாடல் ஹோண்டா சிவிக், 1.8 லிட்டர் பெட்ரோல். 2014-ல் 58,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது வாங்கினேன், இப்போது 1,78,000 தாண்டிவிட்டது. வீடு பொள்ளாச்சி, வேலை கோயம்புத்தூர், போக வர 80 கிலோமீட்டருக்கு மேல். இத்தனை வருடத்தில் என்னை அதிகம் அலைய வைத்தது இன்ஜினோ கியர்பாக்ஸோ இல்லை, பின்பக்க ஸ்டெபிலைசர் பாரை (வளைவில் வண்டி அதிகம் சாயாமல் தாங்கும் கம்பி) சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் ஒரு சின்னக் கம்பி. லிங்க் என்பார்கள், சில இடங்களில் லிங்க் ராடு. இதே சத்தத்தோடு அலைந்துகொண்டிருக்கும் யாருக்காவது பணம் மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

2018 ஆடி மாதம், காற்றும் சாரலுமாக இருந்த நேரம். பின்னாலிருந்து 'டொக்... டொக்' என்று ஒரு சத்தம். டிக்கியில் ஸ்பேனர் ஏதோ உருளுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஜாக்கி, ஸ்டெப்னி, அடியில் கிடந்த தண்ணீர் பாட்டில் வரை எல்லாவற்றையும் எடுத்து வீட்டில் வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன், சத்தம் அப்படியே இருந்தது. நல்ல ரோட்டில் 80-ல் போனால் ஒன்றுமே கேட்காது. தெருவுக்குள் 20-ல் வரும்போது, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் கேட்கும்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, "ஷாக்கப் போயிருச்சுங்கண்ணா, ரெண்டும் மாத்திட்டா சரியாயிரும்" என்றார்கள். 1,12,000 ஓடிய வண்டி, போயிருக்கலாம் என்று நானும் சரி என்றேன். கூலியோடு 13,000 ரூபாய் ஆனது. வண்டியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி முதல் பள்ளத்தில் இறக்கியதுமே அதே 'டொக்'. வீடு வந்து சேரும்வரை எனக்குப் பேச்சே வரவில்லை. கழற்றிய பழைய ஷாக்கப்பில் எண்ணெய் கசிவுகூட இல்லை. அதை முதலிலேயே பார்த்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.

அப்புறம் நானே உட்கார்ந்து யோசித்தேன். ஸ்டெபிலைசர் பார் என்பது இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஒரு முறுக்குக் கம்பி. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் பார் தன் புஷ்ஷுக்குள் (அதைப் பிடித்திருக்கும் ரப்பர்) சும்மா திரும்பும், அதற்கு வேலை இல்லை, லிங்க்கிலும் பெரிய சுமை வராது. ஒன்று மட்டும் ஏறினால்தான் பார் முறுக்கிக்கொள்ளும், லிங்க் இழுபடும். எனவே சோதனை சுலபம். எங்கள் தெரு முனை வேகத்தடையில் முதலில் நேராக, மெதுவாக ஏற்றி இறக்கினேன், சத்தம் இல்லை. அதே தடையை அடுத்து சாய்வாக, ஒரு சக்கரம் முன்னும் ஒரு சக்கரம் பின்னுமாக ஏற்றினேன். இடது பின்பக்கம் கணீரென்று அடித்தது. நான்கைந்து முறை செய்தும் அதே கதைதான். ஷாக்கப் கெட்டிருந்தால் நேராக ஏறும்போதும் ஏதாவது தெரிந்திருக்கும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கீழே கையை விட்டு லிங்க்கைப் பிடித்து ஆட்டினேன். வலது பக்கம் கெட்டியாக இருந்தது. இடது பக்கம் மேல் மூட்டில் நன்றாக பிளே (ஆட்டம்), விரலிலேயே 'டிக்' என்று தட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் பந்து மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை, அதாவது பூட், ஓரத்தில் அரை வட்டத்துக்குக் கிழிந்திருந்தது. உள்ளே கிரீஸ் என்று ஒன்றுமே இல்லை, செம்மண்ணும் தண்ணீரும் கலந்து காய்ந்த பொருக்குதான். இந்த லிங்க் சாவதே இப்படித்தான். பூட் கிழிந்தால் தண்ணீர் போகும், கிரீஸ் கழுவிப் போகும், மண் பந்தைத் தேய்க்கும். கம்பி வளைவதோ உடைவதோ அபூர்வம். வண்டியோடு வந்த லிங்க் 1,12,000 கிலோமீட்டர் உழைத்ததே பெரிய விஷயம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மாற்றும் வேலையில் கஷ்டம் என்பது நட்டுதான். என் வண்டியில் 14 ஸ்பேனர், நடுவில் மூட்டு சுற்றாமல் பிடித்துக்கொள்ள 5 ஆலன் கீ (வெளி மார்க்கெட் லிங்க்கில் இந்த அளவு மாறும், வாங்கும்போதே பாருங்கள்). முந்தின நாள் இரவே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்துவிட்டு, காலையில் நுனியில் தெரியும் திரெட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இன்னொரு முறை அடித்தேன். மூன்று நட்டு கழன்று வந்தது. நான்காவதில் ஆலன் கீ போகும் குழி மழுங்கிவிட்டது, கிரைண்டரால் அறுக்கத்தான் வேண்டியிருந்தது. எப்படியும் தூக்கிப் போடும் லிங்க்தானே, மழுங்கும் என்று தெரிந்தவுடனே அறுத்துவிடுங்கள், ஒரு மணி நேரம் மிச்சம்.

ஒன்று முக்கியம். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினால் பார் முறுக்கேறி நிற்கும், லிங்க் வெடுக்கென்று துள்ளும், புதியது ஓட்டையில் உட்காராது. பின்பக்கம் இரண்டையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்துவிட்டால் பார் தளர்ந்துவிடும், புதிய லிங்க் கையாலேயே உள்ளே போகும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். முன் சக்கரத்துக்குக் கல் வைக்கவும் மறக்காதீர்கள்.

முதல் முறை வாங்கியது ஒரு வெளி மார்க்கெட் ஜோடி, ஒன்று 450 ரூபாய். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மாட்டிய அன்று வண்டி அவ்வளவு அமைதி. 2018 செப்டம்பரில் மாட்டினேன், 2019 ஏப்ரலில், சரியாக ஏழு மாதத்தில், 9,000 கிலோமீட்டரில் மறுபடியும் அதே சத்தம். கழற்றிப் பார்த்தால் பூட் கிழியவே இல்லை, ஆனால் பூட்டின் கழுத்தைப் பிடிக்கும் வளையம் தளர்ந்து ரப்பர் மேலே ஏறியிருந்தது, உள்ளே கிரீஸ் சுண்டு விரல் நகத்தளவுகூட இல்லை. பழைய ஒரிஜினல் லிங்க்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வித்தியாசமே தெரிந்தது. அதில் ரப்பர் தடிமன், மேலும் கீழும் இறுக்கமான வளையம். இதில் ரப்பர் பலூன் மாதிரி மெல்லிசு.

இரண்டாவது முறை ஹோண்டா ஒரிஜினலே வாங்க முடிவு செய்தேன். உள்ளூரில் இல்லை, சென்னையில் இருக்கும் நண்பர் ஜி.பி. ரோட்டில் விசாரித்து வாங்கி பார்சல் போட்டார். முன்னதைவிட மூன்று மடங்கு விலை. இம்முறை நட்டையும் புதிதாகவே போட்டேன், தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை நட்டு என்பதால் பழையதைத் திரும்பப் போடக் கூடாது. முறுக்கியது முழுக்கக் கையால்தான். காற்றழுத்தத்தில் நட்டு முறுக்கும் ஏர் கன்னை வைத்து அடித்தால் நட்டோடு சேர்ந்து மூட்டும் சுற்றி, புத்தம் புதிய பூட் மாட்டும் அன்றே முறுக்கிக் கிழிந்துவிடும். வெளியில் மாற்றக் கொடுத்தாலும் இதை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். அலைன்மென்ட் செய்யணும் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், லிங்க் மாற்றுவதால் சக்கரத்தின் கோணம் எதுவும் மாறாது.

2019 மே மாதம் மாட்டியது, 55,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இடையில் லாக்டவுனில் வண்டி நின்றே கிடந்த மாதங்களும் உண்டு. வால்பாறைக்கு மட்டும் ஆறு தடவை, ஒவ்வொரு முறையும் 40 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கியிருக்கிறது. லிங்க் லூஸாக இருந்த நாட்களில் அந்த வளைவுகளில் பின்பக்கம் ஒரு நொடி தாமதித்துச் சாய்வது போல இருக்கும், பின் சீட்டில் அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வருவார். புதியது மாட்டிய பிறகு போன முதல் தடவையே ஆழியாறிலிருந்து மேலே போகும்வரை தூங்கிக்கொண்டு வந்தார், எனக்கு அந்த ஒன்றே போதுமாக இருந்தது.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. மாட்டி 1,000 கிலோமீட்டரில் நான்கு நட்டையும் ஒரு முறை தொட்டுப் பார்த்தேன், எதுவும் தளரவில்லை. வாட்டர் வாஷ் விடும்போது அந்த பூட் மேல் பக்கத்திலிருந்து பிரஷர் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். டயர் மாற்றிப் போடும் ஒவ்வொரு முறையும், சக்கரம் கழன்றிருக்கும்போது பூட்டைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்ப்பேன். போன மாதம் பார்த்தபோது வலது கீழ் பூட்டில் லேசான ஈரப் பிசுக்கு, கிழிசல் இல்லை, பிளேயும் இல்லை. அடுத்த ஜோடிக்கு இப்போதே நண்பரிடம் சொல்லி வைத்துவிட்டேன், இரண்டு பக்கமும் சேர்த்தேதான் மாற்றப் போகிறேன்.