வாடகைக் காருக்கு வழிகாட்டி: தனி ஜிபிஎஸ் கருவியா, கைப்பேசியா, கம்பெனி தருவதா?

சொந்தக் காருக்கு ஜிபிஎஸ் வாங்குவது ஒரு கணக்கு, வாடகைக் காருக்கு வாங்குவது வேறு கணக்கு. சொந்தக் காரில் ஸ்டாண்டை ஒருமுறை பொருத்திவிட்டால் வேலை முடிந்தது. வாடகைக் காரில் ஒவ்வொரு முறையும் டாஷ்போர்டு மாறும், சார்ஜ் சாக்கெட் மாறும், பல நேரம் நாடே மாறும். இவற்றையெல்லாம் தாங்கவேண்டும் என்று பார்த்ததில் என் தேர்வு 5 அங்குலத் திரை கொண்ட, கார்மின் என்ற கம்பெனியின் தனி ஜிபிஎஸ் கருவியில் போய் நின்றது.

வாடகைக் கம்பெனி கூடுதலாகத் தரும் ஜிபிஎஸ்ஸை முதலிலேயே தள்ளிவிடலாம். கட்டணம் நாள் கணக்கு. நீண்ட பயணம் ஒன்றிரண்டு போனால் அந்தத் தொகையில் சொந்தக் கருவியே வாங்கிவிடலாம். தொலைந்தால் பணம் உங்கள் தலையில். வேறு வழியில்லாமல் எடுத்தால், செட்டிங்ஸில் மேப் எந்த ஆண்டுப் பதிப்பு என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஜப்பான் விதிவிலக்கு. அங்கே வாடகைக் கார்களில் நேவிகேஷன் பெரும்பாலும் காரோடு சேர்ந்தே வரும்; போக வேண்டிய இடத்தின் தொலைபேசி எண்ணையோ ‘மேப்கோடு’ எனப்படும் இடக் குறியீட்டு எண்ணையோ அடித்தாலே வழி காட்டிவிடும்.

போனின் மேப்பைக் காரின் திரையிலேயே காட்டும் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ வசதி இருந்தால் சௌகரியம்தான். ஆனால் முன்பதிவு செய்த அதே மாடல் கிடைக்கும் என்று எந்தக் கம்பெனியும் உறுதி தருவதில்லை, அதனால் அதை நம்பிக் கிளம்ப முடியாது. கிடைத்தால், காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் ப்ளூடூத் பட்டியலில் இருந்து உங்கள் போனை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் தொடர்பு எண்களும் அழைப்புப் பட்டியலும் அடுத்தவர் கையில்.

கைப்பேசிதான் உண்மையான போட்டியாளர். நெரிசலை அந்த நிமிடமே காட்டுவதில் தனிக் கருவி அதற்கு ஈடாகாது. பெரிய நகரத்துக்குள்ளேயே சுற்றப் போகிறீர்கள், டேட்டாவும் இருக்கிறது என்றால் போனே போதும். நெடுந்தூரத்தில்தான் சறுக்கல். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் இயங்கு வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை. முழு வெளிச்சத்தில் திரை, கூடவே சார்ஜ், மேலே வெயில் என்று டாஷ்போர்டில் வைத்தால் அந்த எல்லையைச் சீக்கிரமே தாண்டும். முதலில் சார்ஜ் ஏறுவது நிற்கும், பிறகு திரை மங்கும். டேட்டா இல்லாத இடத்துக்கென்று ஆஃப்லைன் மேப்பை இறக்கி வைத்திருந்தாலும் நெரிசல் விவரம் வராது. நெடுநாள் புதுப்பிக்காவிட்டால் அந்த மேப்பும் காலாவதியாகும்.

தனிக் கருவிக்கு வருவோம். ஸ்டாண்டு விஷயத்தில் முன்கண்ணாடியில் ஒட்டும் உறிஞ்சியைவிட, மணல் மூட்டை போல டாஷ்போர்டில் உட்காரும் கனமான ஸ்டாண்டு வாடகைக் காருக்கு ஏற்றது. கண்ணாடியில் வட்டத் தடம் விழாது, காரை நிறுத்தும்போது அப்படியே எடுத்து டிக்கியில் வைக்கலாம். கலிபோர்னியாவில் கண்ணாடியில் ஒட்டுவதென்றால் ஓட்டுநர் பக்கக் கீழ்மூலையில் 5 அங்குலச் சதுரம், எதிர்ப்பக்கக் கீழ்மூலையில் 7 அங்குலச் சதுரம், அவ்வளவுதான் அனுமதி. உலோகப் பூச்சுள்ள கண்ணாடி சிக்னலைத் தடுக்கும். பின்நோக்குக் கண்ணாடியை ஒட்டிப் பூச்சில்லாத சிறு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மின்சாரத்தில் பலரைக் குழப்பும் ஒரு விஷயம்: சாதாரண யுஎஸ்பி வயரில் காரின் யுஎஸ்பி போர்ட்டோடு இணைத்தால், கம்ப்யூட்டரோடு இணைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சில கருவிகள் வழிகாட்டுவதை நிறுத்திவிடும். கூடவே வந்த 12 வோல்ட் சார்ஜரைப் பயன்படுத்துங்கள், அல்லது சார்ஜ் மட்டும் ஏற்றும் வயரை வைத்துக்கொள்ளுங்கள். உள் பேட்டரி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு கண்டத்தில் அணைத்து இன்னொன்றில் ஆன் செய்தால், செயற்கைக்கோள்களின் பாதை விவரத்தைப் புதிதாக வாங்க வேண்டியிருப்பதால் கருவி திணறும். செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை 30 விநாடிச் சுற்றாகத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. நடுவில் கட்டிடம் மறைத்தால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே அடுக்குமாடி பார்க்கிங்கில் நின்று திட்டுவதில் பயனில்லை. வெளியே வந்து, வானம் தெரியும் இடத்தில் சில நிமிடம் நிறுத்துங்கள்.

இவையெல்லாம் சமாளிக்கக் கூடியவை. தனிக் கருவி தேறுமா தேறாதா என்பதைத் தீர்மானிப்பது மேப் பராமரிப்புதான். ஒரே பெயருள்ள கருவி வட அமெரிக்காவில் விற்கும்போது அந்தப் பகுதி மேப்புடனும், ஐரோப்பாவில் விற்கும்போது ஐரோப்பிய மேப்புடனும் வரும். மற்றப் பகுதி வேண்டுமென்றால் தனியாக வாங்க வேண்டும். ‘வாழ்நாள் அப்டேட்’ என்ற வாக்குறுதி கருவியோடு வந்த பகுதிக்குத்தான். தனியாக வாங்கும் மேப் அப்டேட் இல்லாமல் ஒருமுறைக்கு மட்டுமா என்று பார்த்தே காசு கொடுங்கள். இரண்டு கண்டங்களுக்கும் அடிக்கடி போகிறவர்கள் இதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் கருவியின் விலை கணிசமாக ஏறிவிடும்.

அப்டேட்டை ஒரு வாரம் முன்பே செய்யுங்கள். கம்ப்யூட்டரில் கார்மின் எக்ஸ்பிரஸ் மென்பொருளைத் திறந்து, வயர் வழியாக இணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேப் பல ஜிபி அளவு, மணிக்கணக்கில் ஓடும். பாதியில் வயரைப் பிடுங்கினால் மேப்பே இல்லாத கருவி மிஞ்சலாம். ஐரோப்பா முழுவதற்கும் போடும்போது பழைய மாடல்களின் உள் நினைவகம் போதாது; 32 ஜிபிக்குள் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டை ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்து செருகுங்கள்.

வாங்க மனமில்லாத பகுதிக்கு தன்னார்வலர்கள் உருவாக்கும் பொது மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருந்து கார்மினுக்காகத் தயாரித்த இலவச மேப்புகள் கிடைக்கின்றன. கார்டில் ‘கார்மின்’ என்ற ஃபோல்டருக்குள் அந்த மேப்பின் ‘ஐஎம்ஜி’ கோப்பை வைத்து, மேப் செட்டிங்ஸில் அதைத் தேர்ந்து, அதே பகுதிக்கான பழைய மேப்பை அணைக்க வேண்டும். சாலைகள் நன்றாகவே இருக்கும். முகவரித் தேடல்தான் நொண்டும். அதற்கு மாற்று, விடுதிகளின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் போனில் எடுத்துக் கருவியில் சேமிப்பது. கருவியில் எண் முறையைத் தசம டிகிரிக்கு, அதாவது போன் காட்டும் புள்ளி வைத்த எண்ணுக்கு, மாற்றிய பிறகே அடியுங்கள். டிகிரி-நிமிட முறையில் அடித்தால் பல கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடும். காரைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தின் நுழைவாயிலையும் இதே முறையில் சேமித்து வையுங்கள். விமான நிலையத்தின் பெயரை மட்டும் அடித்தால் பயணிகளை இறக்கும் வாசலுக்குத்தான் போய் நிற்பீர்கள்.

வேகக் கேமரா எச்சரிக்கையைக் கிளம்பும் முன்பே அணைத்துவிடுங்கள். ஜெர்மனியில் ஓட்டும்போது அதைப் பயன்படுத்துவது சட்டவிரோதம். சுவிட்சர்லாந்தில் அந்த வசதியுள்ள கருவியை வைத்திருப்பதற்கே அபராதம் உண்டு, பறிமுதலும் செய்வார்கள்.

கார்மினின் போட்டிக் கம்பெனியான டாம்டாமின் கருவிகளும் இதே வரிசையில் வைக்கத் தக்கவைதான். சில மாடல்களில் உலக மேப்பே அடக்கம், பல கண்டப் பயணிக்கு அது பெரிய சேமிப்பு. நெடுநாள் பழக்கம் கார்மினோடுதான் என்பதால் டாம்டாமின் அப்டேட் தொல்லைகளைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன்.

பழைய கருவி வாங்குகிறவர்கள் வெட்டவெளியில் ஆன் செய்து தேதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தேதியை வார எண்ணாக அனுப்புகின்றன; அந்த எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் திரும்பியது. சிக்னல் கிடைத்த பிறகும் தேதி சுமார் 20 ஆண்டு பின்னால் இருந்தால், அதற்கு மென்பொருள் அப்டேட் இன்னும் வருகிறதா என்று தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள்.