சொந்த நிரலா, ஃப்ரீக்டிரேடா?

பாளையங்கோட்டையில் என் வீட்டுக் கணினியில் கிரிப்டோ நாணயங்களைத் தானாக வாங்கி விற்கும் நிரல், அதாவது பாட் ஒன்று ஓடுகிறது. முதல் ஐந்து மாதம் நானே பைத்தானில் எழுதிய நிரல். பிறகு ஃப்ரீக்டிரேட் என்ற திறமூல மென்பொருளுக்கு மாறி எட்டு மாதம் ஆகிறது. இனிப் பழையதற்குத் திரும்ப மாட்டேன்.

செலவு, வேகம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். பல கிரிப்டோ சந்தைகளோடு இணைக்கும் சிசிஎக்ஸ்டி என்ற அதே நிரல் நூலகம் வழியாகவே இரண்டும் சந்தையோடு பேசுகின்றன. லாபத்துக்கு 30% வரி, விற்பனைக்கு 1% டிடிஎஸ் (விற்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) என்று 2022-இல் வந்த விதிகளும் இரண்டுக்கும் பொது. பத்தாயிரம் ரூபாயை மாதம் இருபது முறை விற்றால் 2,000 ரூபாய் டிடிஎஸ்ஸில் முடங்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான் நேர்செய்யலாம். அடிக்கடி வாங்கி விற்கும் உத்தி எதிலும் வேண்டாம்.

என்னை மாற்றியது மின்தடை. ஆடிக் காற்றில் ஒரு மாலை மின்சாரம் போனது. மூன்று மணி நேரம் தாங்கிய இன்வெர்ட்டரும் அடங்கியது. கையில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் இருக்கிறது என்பதை என் நிரல், கணினி அணைந்தால் அழிந்துவிடும் நினைவகத்தில் மட்டுமே வைத்திருந்தது. கரண்ட் வந்து கணினி தானாக எழுந்ததும், ஒன்றுமே வாங்காததுபோல மறுபடியும் வாங்கிவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் கணக்கில் இரண்டு கொள்முதல். விலை ஓர் அளவுக்குக் கீழே போனால் விற்றுவிடும் ஸ்டாப்லாஸ் இரண்டாவதற்கு மட்டும். விலை சரிந்த அந்த இரவில் முதலாவது காவலின்றிக் கிடந்திருக்கிறது.

ஃப்ரீக்டிரேட் ஒவ்வொரு வர்த்தகத்தையும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளக் கோப்பில் எழுதிவைக்கிறது. அணைந்து எழுந்தால் அதைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஸ்டாப்லாஸ் ஆணையைச் சந்தையிலேயே போட்டுவைக்கும் வசதி பல சந்தைகளுக்கு உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காக நாள் முழுக்க மின்சாரத்தை நிறுத்தினாலும் அந்த ஆணை அங்கே நிற்கும். நிலவரம் டெலிகிராமில் வந்துவிடுகிறது. வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே பார்த்துக்கொள்கிறேன். இதையெல்லாம் நானே எழுத மூன்று வாரம் முயன்றேன். எழுதுவது பெரிதல்ல, சந்தை தன் ஏபிஐயை (நிரல்கள் அதோடு பேசும் வழியை) மாற்றும்போதெல்லாம் உட்கார்ந்து திருத்த வேண்டும். வேலைக்குப் போகிறவனுக்கு அது கட்டாது.

சிசிஎக்ஸ்டியில் இல்லாத சந்தையில் இறங்குகிறவர்களும், இரு சந்தைகளின் விலை வித்தியாசத்தைப் பிடிக்க நினைப்பவர்களும் சொந்தமாகத்தான் எழுத வேண்டும். ஃப்ரீக்டிரேட்டில் ஒரு பாட் ஒரு சந்தையோடுதான் இயங்கும்.

நான் செய்வது நாணயத்தையே நேரடியாக வாங்கி விற்கும் ஸ்பாட் வர்த்தகம் மட்டுமே. ஃபியூச்சர்ஸ் எனும் எதிர்கால ஒப்பந்த வர்த்தகம் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சரியான ஆள் இல்லை.