வியாழக்கிழமை விடுப்பு எடுக்கும் சார்ஜர்: ஆலங்குடிப் பாதையில் இருபது மாதம்

கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலம் போகும் சாலையில், ஆலங்குடிக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் டிபன் கடை. நவக்கிரகக் கோயில் சுற்ற வருகிறவர்களில் மின்சாரக் கார்க்காரர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று 2024 பிப்ரவரியில் வாசலில் 30 கிலோவாட் டிசி சார்ஜர் ஒன்று போட்டேன். ஒரே ஒரு சிசிஎஸ்2 கன், அதாவது காரில் செருகும் முனை. வண்டியைச் செருகிவிட்டுத் தோசை சாப்பிட்டு, குரு பகவானையும் பார்த்துவிட்டு வந்தால் ஊர் போய்ச் சேரும் அளவுக்குச் சார்ஜ் ஏறியிருக்கும்.

தாங்களும் சார்ஜர் போடலாமா என்று விசாரிக்கிறவர்கள் எல்லாரும் மூன்று பேஸ் லைன், எர்த் என்றுதான் கேட்கிறார்கள். அதெல்லாம் ஒரே மாதத்தில் முடிந்தது. இருபது மாதமாக என்னை அலைக்கழித்தது உள்ளே இருக்கும் நகம் அளவு சிம்.

வண்டிக்காரர் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் கட்டுவார். ஆப் சர்வருக்குச் சொல்லும், சர்வர் சார்ஜரிடம் ‘தொடங்கு’ என்று சொல்லும். அந்தக் கடைசிச் சொல் சிம் வழியாகத்தான் வந்தாக வேண்டும். இந்தப் பேச்சுவார்த்தைக்கு ஓசிபிபி என்று பெயர், எங்களுடையது 1.6 பதிப்பு. சிக்னல் இல்லையென்றால் கரண்ட் எவ்வளவு இருந்தும் பெட்டி சும்மா நிற்கும்.

சார்ஜரோடு எம்2எம் சிம் ஒன்று வந்தது. இயந்திரங்களுக்கென்றே கொடுப்பது, 13 இலக்க எண். “அதைத் தொடவே வேண்டாம் சார்” என்றார் பொருத்த வந்தவர். முதல் வாரமே பாதி நேரம் ஆஃப்லைன். அதே இடத்தில் நின்றால் என் போனில் மூன்று கட்டை சிக்னல். தலை சுற்றியது.

மன்னார்குடியில் படிக்கும் அக்கா மகன் லேப்டாப்போடு வந்தான். மோடம் பக்கத்தைத் திறந்து சிக்னல் வலிமையைச் சொல்லும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைக் காட்டினான்: மைனஸ் 113 டிபிஎம். மைனஸ் 90க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி, 110ஐத் தாண்டினால் தடுமாற்றம். பிறகு பெட்டியின் இரும்புக் கதவைத் திறந்தான். எண் 104 ஆனது, சார்ஜர் ஆன்லைன். மூடினான், ஆஃப்லைன். நாலு தடவை திறந்து மூடிவிட்டு, “மாமா, ஆன்டெனாவை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்” என்றான். சுண்டுவிரல் நீளக் குச்சி ஒன்று, தகரப் பெட்டிக்குள்.

வெளி ஆன்டெனா வாங்கிச் சுவரில் குழாய் அடித்து மேலே ஏற்றினோம். மூன்று மீட்டர் கேபிள்தான். நீளம் கூடக் கூட சிக்னலைக் கேபிளே தின்றுவிடும். எங்கள் எலக்ட்ரீஷியன் இரண்டு கேபிளில் ஒன்றை மட்டும் மாட்டிவிட்டு மற்றதைச் சுருட்டிக் கட்டிவிட்டார். ‘உபரி’ என்று நினைத்தாராம். 4ஜி நன்றாக ஓட இரண்டும் வேண்டும். அதையும் மாட்டிய பிறகு எண் மைனஸ் 94.

அப்புறமும் அந்த எம்2எம் சிம் எங்கள் பக்கம் சரிப்படவில்லை. வேறு கம்பெனியின் சாதாரண சிம்மைப் போட்டோம். சிக்னல் வந்தது, இணையம் வரவில்லை. பழைய சிம்முக்கான தனி ஏபிஎன், அதாவது இணையத்துக்குப் போகும் வாசலின் பெயர், இன்னும் உள்ளே இருந்தது. புதிதை அடித்தும் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து அக்கா மகன் கண்டுபிடித்தான்: போனிலிருந்து நகலெடுத்து ஒட்டியபோது ஏபிஎன் பெட்டியில் கடைசி எழுத்துக்குப் பின் ஒரு காலி இடமும் சேர்ந்துகொண்டது. அதை அழித்ததும் வேலை செய்தது. கண்ணுக்குத் தெரியாத எதிரி என்றால் அதுதான்.

சாதாரண சிம்மில் இன்னொரு வம்பு, ரீசார்ஜ். 28 நாள் முடிவதற்குள் நினைவூட்டல் எஸ்எம்எஸ் வரும். யாருக்கு? சிம் இருக்கிற சார்ஜருக்கு. அது வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தது. ஒரு ஞாயிறு மதியம் சென்னைக் குடும்பம் ஒன்று வெயிலில் நின்ற பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. இப்போது ஒரு வருடத் திட்டம் போட்டு, முடியும் தேதியைக் கல்லாவுக்கு மேல் உள்ள காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன்.

அதைவிட எரிச்சல், பச்சை விளக்கு எரியும்போதே ஆப்பில் ‘ஆஃப்லைன்’ என்று வருவது. ரொம்ப நேரம் பேச்சில்லாத இணைப்பை மொபைல் கம்பெனியின் நெட்வொர்க் சத்தமில்லாமல் மூடிவிடும். ஆள் நடக்காத வரப்பில் புல் மண்டுகிற மாதிரி. சார்ஜருக்கு அது தெரியாது, இன்னும் இணைந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். எங்களுடையது 15 நிமிடத்துக்கு ஒரு முறைதான் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்ற ‘ஹார்ட்பீட்’ செய்தியை அனுப்பியது. வெப்சாக்கெட் பிங் இடைவெளி (இணைப்பு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் இடைவெளி) என்ற அமைப்பை 60 வினாடிக்கு மாற்றியதும் அந்தத் தொல்லை நின்றது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இவ்வளவும் செய்த பிறகும் சில நாள் விழும். நோட்டில் குறித்துவைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: பெரும்பாலும் வியாழக்கிழமை! சர்வீஸ் ஆளிடம் சொன்னால் சிரித்தார். ஆலங்குடியில் வியாழக்கிழமை என்ன கூட்டம் என்று அவருக்குத் தெரியாது. அத்தனை போனும் ஒரே டவரில். 2024 மே 1, குருப்பெயர்ச்சி அன்று உச்சம். சிக்னல் நிறைந்திருக்கிறது, ஒரு வாட்ஸ்அப் செய்தி போகவில்லை.

அன்றைக்குக் காப்பாற்றியது கல்லாவில் இருந்த இரண்டு ஆர்எஃப்ஐடி கார்டு, பக்கத்தில் காட்டினாலே சார்ஜர் அடையாளம் கண்டுகொள்ளும் அட்டை. அவற்றைச் சார்ஜரின் உள்பட்டியலில் முன்பே ஏற்றி, ஆஃப்லைனிலும் அனுமதி என்று வைத்திருந்தோம். கார்டைக் காட்டித் தொடங்கினேன், யூனிட்டைப் பார்த்து ரொக்கமாக வாங்கினேன். கணக்கைச் சார்ஜர் தானே சேமித்துவைத்து, இரவு இணைப்பு வந்ததும் அனுப்பிவிட்டது. ஒரே ஒரு கோளாறு. நடுவில் கரண்ட் போய் வந்ததில் கடிகாரம் அழிந்துபோனது. அது சர்வரைக் கேட்டுத்தான் நேரம் வைத்துக்கொள்ளும். ஒரு காருக்கு 1970 ஜனவரி 1, காலை 5.42 என்று பில் விழுந்தது. நான் பிறப்பதற்கு முன்பே கடை திறந்திருக்கிறேன்.

அதற்கப்புறம்தான் இரண்டு சிம் போடும் ரூட்டர் வாங்கினேன், பத்தாயிரத்துக்குச் சற்று மேல். சின்ன பேட்டரியில் ஓடுகிறது, சார்ஜருக்கு லேன் கேபிள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிக்னல் போனால்தான் சிம் மாறும் என்று வைத்தால் வியாழக்கிழமைக்கு உதவாது, ஏனென்றால் அன்று சிக்னல் போவதே இல்லை. பிங் மூன்று முறை தவறினால் மாறு என்று வைத்தோம். 2025 மே 11, அடுத்த குருப்பெயர்ச்சி. ஐந்து தடவை சிம் மாறியது, ஒரு காரும் காத்திருக்கவில்லை.

இடையில் அக்கா மகன் அதே ரூட்டரில் சிசிடிவியையும் மாட்டிவிட, சாயங்காலத்துக்குள் அன்றைய டேட்டா தீர்ந்து 64 கேபிபிஎஸ் வேகத்துக்கு இறங்கிவிடும். கேமரா நின்றது, சார்ஜர் பாட்டுக்கு ஓடியது. அது அனுப்புவது சின்னச் சின்ன எழுத்துச் செய்திகள்தான். எனக்கு மாதம் 200 எம்பி தாண்டியதில்லை. வேகமான 5ஜி வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம்.

போன கார்த்திகை மழையில் ஆன்டெனா இணைப்பில் தண்ணீர் இறங்கிப் பித்தளைத் திருகு பச்சையாகக் களிம்பு பிடித்துவிட்டது. சுரண்டித் துடைத்து, ரப்பர் டேப் சுற்றி, கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றினோம், சொட்டு கீழேயே விழட்டும் என்று. அந்த டேப் இப்போது வெயிலில் வெடித்திருக்கிறது. மழை வலுப்பதற்குள் மாற்ற வேண்டும். தீபாவளிக்கு வரும்போது ஏணியில் ஏற அக்கா மகனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.